நெல்லுக்கு எத்தனை புசலில் முதல் திரும்பும்?

கிளிநொச்சியில் இருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். இரணைமடுக் குளத்தின் கடைசி வாய்க்கால் ஒன்றில் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வயல், அதற்கு மேட்டுப் பக்கமாக மணல் கலந்த இன்னும் ஒரு ஏக்கர். அப்பாவுக்கு இயலாமல் போய்விட்டது, இந்தக் காலபோகத்தில் (மாரிமழைப் போகம்) இருந்து கமம் இவர் கையில். "ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தால் போட்ட முதல் வரும்? பக்கத்து வயல்காரர் பதினைந்து மூட்டை என்கிறார். விவசாயப் போதனாசிரியர் ஐம்பது புசலுக்கு (ஒரு புசல் 21 கிலோ நெல்) மேலே வேண்டும் என்கிறார். அப்பா கணக்கே பார்க்காதே என்கிறார். யார் சொல்வது சரி? சிறுபோகத்தில் (குளத்து நீரில் செய்யும் கோடைப் போகம்) மேட்டு ஏக்கருக்கு நெல்லை விட்டுக் கச்சான் (நிலக்கடலை) போட்டால் கட்டுமா?"

பிள்ளை, மூன்று பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள், அதுதான் குழப்பம். நான் முத்தையன்கட்டுப் பக்கம் கமம் செய்கிறவன். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களைக் கழித்தாலும் நாற்பது போகத்துக்குக் குறையாது. நடுவில் சில காலம் எங்கள் கமக்காரர் அமைப்பின் பொருளாளராக இருந்தேன். அப்போது மற்றவர்களின் கொப்பிகளையும் பார்க்கக் கிடைத்தது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சமப்பாட்டுப் புள்ளி என்று படித்திருப்பீர்கள். செலவை விளைச்சலால் வகுத்தால், கிலோவுக்கு என்ன விலை வந்தால் முதல் வரும் என்று தெரியும். அதே செலவை விலையால் வகுத்தால், எத்தனை கிலோ விளைய வேண்டும் என்று தெரியும். இவ்வளவுதான் சூத்திரம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். செலவு, விளைச்சல், விலை என்று நாம் எந்த இலக்கத்தை உள்ளே போடுகிறோம் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம்.

முதலில் செலவு. என் கொப்பியில் இருக்கும் ஒரு காலபோகத்தின் கணக்கை, இலக்கங்களைக் கொஞ்சம் உருட்டி, ஒரு ஏக்கருக்குத் தருகிறேன். இதைக் கணக்கின் உருவத்துக்காகப் பாருங்கள். தொகைகளை உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

உழவு இரண்டு தடவையும் மட்டம் பண்ணலும் சேர்த்து 18,000 ரூபா. வரம்பு கட்ட 3,000. விதைநெல் இரண்டரைப் புசல், 9,000. விதைக்கவும் பிறகு பசளை எறியவும் கூலி 4,500. யூரியா இரண்டு அந்தர் (அந்தர் 50 கிலோ), மற்றப் பசளைகள் அரை அந்தர்ப்படி, எல்லாமாக 27,500. களைநாசினியும் பூச்சி மருந்தும் 15,000. வாய்க்கால் துப்புரவும் அமைப்புக்குக் கட்டும் காசும் 1,500. வெட்டு மெசினுக்கு 13,000. சாக்கு, ஏற்றி இறக்கல், காயவைத்தல் 6,000. கூட்டினால் 97,500.

பசளை மானியம் 2024/25 காலபோகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக இருந்தது. ஒரு ஹெக்டேயர் என்பது 2.47 ஏக்கர், ஆக ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000. அதைக் கழித்தால் 87,500. இதற்குள் நகையை அடைவு வைத்த வட்டி வரவில்லை. 60,000 ரூபாவை மாதம் ஒன்றரை வீத வட்டிக்கு ஐந்து மாதம் எடுத்தால் 4,500. அதையும் சேர்த்தால் 92,000. கையை விட்டு உண்மையாகவே போகும் காசு இது.

வட்டியை எழுதாத கொப்பிகள்தான் நான் பார்த்ததில் அதிகம். கடையில் பசளையையும் மருந்தையும் கடனுக்கு எடுத்து, அறுவடைக்குப் பிறகு கொடுக்கிறவர்கள் "நான் வட்டி கட்டுவதில்லை" என்பார்கள். காசுக்கு என்ன விலை, கடனுக்கு என்ன விலை என்று அதே கடையில் கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி.

இனி, கையை விட்டுப் போகாத செலவு. நீங்கள் தண்ணீர் பார்க்கப் போகும் இரவுகள், வரம்பு அடைக்கும் காலைகள், மருந்தடிக்கும் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஏக்கருக்குப் பன்னிரண்டு ஆள்நாள் என்று வையுங்கள். நாளுக்கு 2,000 படி 24,000. காணி சொந்தம்தான், ஆனால் நீங்கள் செய்யாமல் குத்தகைக்கு விட்டிருந்தால் ஏதோ வந்திருக்கும். அதை 20,000 என்று போடுங்கள். இரண்டையும் சேர்த்தால் ஏக்கருக்கு 1,36,000.

அப்பாவின் லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) நிற்கிறது, ஆகவே உழவு டீசல் காசு மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப் போடாதீர்கள். வெளியாளுக்கு உழுதால் என்ன கேட்பீர்களோ அதையே உங்கள் வயலுக்கும் போடுங்கள். டயரும் பெல்ட்டும் பெயரிங்கும் ஒரே வருடத்தில் சேர்ந்து போகும்போது அந்தக் காசு எங்கே இருந்து வரும்?

சரி, இப்போது வகுத்துப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. நாட்டு நெல்லின் 120ஐ எடுத்துக்கொள்வோம். 1,36,000ஐ 120ஆல் வகுத்தால் 1,133 கிலோ. புசலுக்கு 21 கிலோப்படி 54 புசல். போதனாசிரியர் சொன்ன "ஐம்பதுக்கு மேலே" இதுதான். அவர் படித்த முறைப்படி உங்கள் உழைப்புக்கும் காணிக்கும் விலை போட்டிருக்கிறார். கைக்காசை மட்டும் பார்த்தால், 92,000 வகுத்தல் 120, அது 767 கிலோ. முப்பத்தாறரைப் புசலில் முதல் வந்துவிடும்.

அப்படியானால் பக்கத்து வயல்காரரின் பதினைந்து மூட்டை எங்கே இருந்து வந்தது? அங்கேதான் விலை என்ற இலக்கம் விளையாடுகிறது.

120 ரூபா என்பது காய்ந்த நெல்லின் விலை. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலையைக் கொடுப்பது 14 வீத ஈரப்பதனுக்கு மேற்படாத நெல்லுக்குத்தான். மெசின் வெட்டி வயலிலேயே கொட்டும் நெல்லில் 20 வீதம், மழை நாளில் அதற்கும் மேல் இருக்கும். லொறியோடு வந்து நிற்கிற வியாபாரி அதைப் பச்சையாகவே எடுப்பார், விலையும் அதற்கு ஏற்ற மாதிரி. 95 என்று வையுங்கள்.

இந்த 95ஐயும் 120ஐயும் நேரே ஒப்பிடக் கூடாது. 20 வீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லில் தண்ணீர் 20 கிலோ, சரக்கு 80 கிலோ. காய்ந்து 14 வீதத்துக்கு வரும்போது அதே 80 கிலோ சரக்கு மொத்த நிறையில் 86 வீதமாக இருக்க வேண்டும். 80ஐ 0.86ஆல் வகுத்தால் 93. ஆக 100 கிலோ பச்சை நெல் காய்ந்தால் 93 கிலோ. 22 வீத ஈரம் என்றால் 90.7 கிலோதான் மிஞ்சும். 95 ரூபாவுக்குப் பச்சையாக விற்பது, காய்ந்த நெல்லை 102 ரூபாவுக்கு விற்பதற்குச் சமன். வித்தியாசம் 25 ரூபா என்று பலர் வயிறு எரிகிறார்கள், உண்மையில் 18 ரூபா. அதுவும் சின்னக் காசில்லை.

அதோடு நிற்காது. மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. சாக்கு நிறை, தூசு, சப்பி என்று காரணம் சொல்வார்கள். ஒரு முறை சுத்தமாகத் தூற்றிய நெல்லுக்கும் அதே இரண்டு கிலோவைக் கழித்தார் ஒருவர். ஏன் என்று கேட்டேன். "வழக்கம்" என்றார். 65 கிலோ மூட்டையில் இரண்டு கிலோ போனால் 95 ரூபா உண்மையில் 92 ரூபாச் சொச்சம். வயலில் விற்பதால் காயவைக்கும் செலவு 2,500 மிச்சம், ஆகவே கைக்காசுச் செலவு 89,500. அதை 92.08ஆல் வகுத்துப் பாருங்கள், 972 கிலோ வரும். 65 கிலோப்படி, சரியாகப் பதினைந்து மூட்டை.

பக்கத்து வயல்காரர் ஒரு கொப்பியும் வைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் ஆள் கணக்கில் புலி. அவர் சொன்னது பச்சை நெல், வியாபாரி விலை, கழிவு போக, சொந்த உழைப்பைச் சேர்க்காமல். அவருடைய மூட்டை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 60 கட்டுகிறவரும் உண்டு, 75 அமுக்கிக் கட்டுகிறவரும் உண்டு. மூட்டையில் கணக்கு வைப்பது முழமில்லாமல் துணி வாங்குகிற மாதிரி. கிலோவில் எழுதிவிட்டு, ஊர்க்கதைக்கு மட்டும் மூட்டைக்கு மாற்றுங்கள்.

இனி அப்பா. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பதைத்தான் அவர் சொல்லியிருப்பார். என் தகப்பனும் சொன்னார். கணக்குப் பார்க்காமல் இருக்க அது நல்ல சாட்டு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, அந்தப் பழமொழியே ஒரு கணக்கு. சொந்தக் கூலியையும் காணி வாரத்தையும் சேர்த்து எழுதிப் பார்த்தவன் எவனோதான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வயலுக்கே போட்டுப் பார்ப்போம். முழுச் செலவில் காயவைக்கும் காசைக் கழித்தால் 1,33,500. வயல் விலை 92.08ஆல் வகுத்தால் 1,450 கிலோ பச்சை நெல், அதாவது காய்ந்த நெல் 1,350 கிலோ மட்டில். அதற்குக் கீழே போனால் உங்கள் கூலியில் இருந்துதான் ஈடுசெய்கிறீர்கள்.

அப்படியானால் 1,350 கிலோ விளையுமா? விளைச்சல் என்ற மூன்றாவது இலக்கம் இது, இதில்தான் மனிதர் தம்மைத் தாமே ஏமாற்றுவது அதிகம். ஒருவரிடம் கேட்டால் தன் நல்ல வருடத்தைச் சொல்வார். நூறு புசல் கண்ட போகம் வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும், கெட்ட போகம் மறந்துவிடும். கடைசி ஐந்து காலபோகத்தையும் எழுதிச் சராசரி எடுங்கள், கெட்டதை ஒதுக்காமல். உதாரணத்துக்கு 1,700, 1,550, 1,800, 600, 1,250. அந்த 600, பசளை இல்லாமல் செய்த 2021/22 காலபோகம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திவிட்டு, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் வன்னியில் பயிர் மஞ்சளித்து நின்றது. 1,250, வெள்ளம் புகுந்த வருடம். 2024 நவம்பர் கடைசியில் வடக்கில் எத்தனை வயல் தண்ணீருக்குள் கிடந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐந்தையும் கூட்டி வகுத்தால் 1,380.

"அது விசேஷ வருடம், கணக்கில் சேர்க்க ஏலாது" என்று சொல்வார்கள். ஐந்து வருடத்தில் ஏதோ ஒன்று விசேஷமாகத்தான் இருக்கும். வெள்ளம் இல்லாவிட்டால் வறட்சி, அதுவும் இல்லாவிட்டால் பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திப் பூச்சி. கடைசி வாய்க்காலில் இருக்கிற உங்களுக்குத் தண்ணீர் பிந்திப் போகிற வருடமும் வரும்.

1,380ஐயும் 1,350ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சையாக வயலில் விற்றால் முழுக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது, நட்டமும் இல்லை. போக முடிவில் கையில் நாற்பது, நாற்பத்தையாயிரம் நின்றால் அதை லாபம் என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள், அது உங்கள் பன்னிரண்டு நாள் கூலியும் காணியின் குத்தகையும். அதே நெல்லைக் காயவைத்து 120க்கு விற்க முடிந்தால் கதை வேறு. 1,133 கிலோவுக்கு மேலே வரும் ஒவ்வொரு கிலோவும் உண்மையான மிச்சம்.

பிறகு ஏன் எல்லாரும் பச்சையாக விற்கிறார்கள்? அறிவில்லாமல் இல்லை. காயவைக்கத் தளம் இல்லை. றோட்டில் படங்கு விரித்தால் மழை பார்த்துக்கொண்டு நிற்கிறது. சபை கொள்வனவைத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும், கடைக்காரர் காத்திருக்க மாட்டார். ஆனாலும் முழுவதையும் ஒரே நாளில் தள்ள வேண்டியதில்லை. கடனுக்கு வேண்டிய அளவை வயலில் கொடுத்துவிட்டு, மீதி பத்து மூட்டையைக் காயவைத்தாலே 650 கிலோவில் பதினோராயிரம் மட்டில் கூடக் கிடைக்கும். காயவைக்கும் செலவு போகத்தான் சொல்கிறேன்.

மேலே நான் செய்த வகுத்தலில் ஒரு பிசகு இருக்கிறது, கவனித்தீர்களோ தெரியாது. விளைச்சல் குறைந்தால் சாக்கும் குறையும், ஏற்றுக்கூலியும் குறையும். அந்த 6,000 ரூபா 1,500 கிலோவுக்குப் போட்டது, கிலோவுக்கு 4 ரூபா. அதை ஏக்கர்ச் செலவோடு கலக்காமல், விலையில் இருந்து கழிப்பதே முறை. அப்போது கைக்காசுக் கணக்கு 86,000 வகுத்தல் 116, அதாவது 741 கிலோ. 767 என்று முன்பு சொன்னது கொஞ்சம் கூடுதல். விலை 100 ஆனால் 896 கிலோ வேண்டும். 90 ஆனால் சரியாக 1,000 கிலோ. 80க்கு விழுந்தால் 1,132. நெல்லுக்கு இந்தத் திருத்தம் சின்னது. கச்சானுக்கு வரும்போது இதை விட்டால் கணக்கே பிழைத்துவிடும், அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

மானியத்தைக் கழிக்காமலும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 10,000 ரூபா வராவிட்டால் 86 கிலோ, நாலு புசல், கூட விளைய வேண்டும். மானியம் வரும், ஆனால் நீங்கள் யூரியா எறிய வேண்டிய நாளுக்கு வருமா என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னது விதைக்க முன் பார்க்கிற கணக்கு. விதைத்த பிறகு இதே இலக்கத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் பிழையான முடிவுக்கு இழுத்துப் போகும்.

அறுபதாம் நாள் தத்தி விழுந்துவிட்டது என்று வையுங்கள். மருந்தும் கூலியும் 5,000. "ஏற்கெனவே எழுபதாயிரம் போட்டாயிற்று, இனியும் போடுவதா?" என்று ஒருவர் சொல்வார். "எழுபதாயிரம் போட்ட பயிரை விடுவதா?" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் அந்த எழுபதாயிரத்தைத்தான் பார்க்கிறார்கள். அது போன காசு. 5,000ஐ 116ஆல் வகுத்தால் 43 கிலோ, இரண்டு புசல். அந்த மருந்து இரண்டு புசலுக்கு மேலே காப்பாற்றுமா? காப்பாற்றும் என்றால் அடியுங்கள். வயலின் ஒரு மூலையில் மட்டும் சின்னதாக விழுந்திருந்தால் அந்த மூலைக்கு மட்டும் அடித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அறுவடையிலும் அப்படியே. வெள்ளத்தில் சாய்ந்த வயலில் 400 கிலோதான் தேறும், விலையும் 85தான் என்றால் 34,000 ரூபா. சாய்ந்த பயிருக்கு மெசின்காரர் கூடக் கேட்பார். வெட்டும் ஏற்றும் சேர்ந்து 20,000 என்றாலும் 14,000 கையில் வரும். முதல் வராது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். வெட்ட முன் ஒன்று செய்யுங்கள். நெல்லுக்கு அரசாங்கத்தின் இலவசப் பயிர்க் காப்புறுதி இருக்கிறது, 2024இல் ஏக்கருக்கு உச்சம் 40,000 ரூபா வரை இருந்தது. சேதத்தைக் கமநல சேவை நிலையத்தில் அறிவித்து, ஆள் வந்து பார்த்த பிறகு மெசினை இறக்குங்கள். வெட்டின வயலில் எதைக் காட்டுவீர்கள்?

நானும் இதில் வாங்கிக் கட்டியவன்தான். ஒரு போகம் விலை என் கணக்குக்கு நாலு ரூபா கீழே நின்றது. முதலுக்குக் கீழே விற்க மனம் வரவில்லை. நாற்பது மூட்டையை வீட்டு விறாந்தையில் அடுக்கினேன். மூன்று மாதம் அடைவு வட்டி ஏறியது, எலி தின்றது, அந்துப்பூச்சி பறந்தது, கடைசியில் கூடக் கிடைத்தது மூன்று ரூபா. வைத்திருப்பதற்கும் ஒரு முதல் திரும்பும் விலை உண்டு. இன்று காய்ந்த நெல் 102 என்றால், இரண்டு மாத வட்டி மூன்று ரூபா, நிறைக் குறைவும் சேதமும் இரண்டு ரூபா, சாக்கு இடம் காவல் ஒரு ரூபா. 108க்கு மேலே போகும் என்று நம்பிக்கை இருந்தால் வையுங்கள். நீங்கள் உண்டாக்க எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது.

இனிக் கச்சான். மேட்டு ஏக்கர் மணல் கலந்தது என்றபடியால்தான் இதைப் பற்றிப் பேசலாம். களி வயலில் கச்சானைப் பிடுங்கினால் செடி கையில் வரும், காய் மண்ணுக்குள் நிற்கும்.

ஏக்கருக்கு உழவு 14,000. விதைப் பருப்பு 40 கிலோ, கிலோ 800 படி 32,000. நடுகைக் கூலி 8,000. பசளையும் பூக்கும் நேரம் போடும் ஜிப்சமும் 15,000. களையெடுத்து மண் அணைக்க 20,000. தண்ணீர் இறைப்பு 10,000. பிடுங்க 10,000. மொத்தம் 1,09,000. இதில் விதை ஒன்றே மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. சொந்த விதை கட்டி வைத்தாலும் சந்தை விலையைத்தான் எழுத வேண்டும், அதை விற்றிருக்கலாம் அல்லவா.

அப்புறம் காய் ஆய்வது. அது கிலோக் கணக்கில் கூலி. காயவைத்து மூட்டையாக்குவது வரை காய்ந்த கிலோவுக்கு 50 ரூபா என்று போடுங்கள். கோதோடு விலை 300 என்றால் உங்களுக்குத் தங்குவது 250தான். 1,09,000ஐ 250ஆல் வகுத்தால் 436 கிலோ. இதைத்தான் முன்பு சொன்னேன். 800 கிலோ விளையும் என்று நினைத்து ஆயும் கூலி 40,000ஐயும் ஏக்கர்ச் செலவோடு கூட்டி 300ஆல் வகுத்திருந்தால் 497 கிலோ என்று வந்து உங்களைப் பயப்படுத்தியிருக்கும்.

436 கிலோவில் முதல் வரும், 700 கிலோ விளையும் என்றால் கச்சான் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஏக்கரில் நெல்லும் விளையும் என்றால் கேள்வி வேறு. நெல் தரும் மிச்சத்தைக் கச்சானும் தர வேண்டும். நெல் 1,380 கிலோ, கிலோவுக்கு 116 தங்கினால் 1,60,080, செலவு 86,000 போக மிச்சம் 74,000. சிறுபோகத்துக்கு உங்கள் இலக்கம் மாறும், முறை மாறாது. 700 கிலோக் கச்சானில் இருந்து அதே 74,000 வர வேண்டும் என்றால் விலை 311 வேண்டும். கச்சானுக்கு உங்கள் சொந்த நாட்கள் குறைந்தது இருபத்தைந்து போகும், நெல்லை விடப் பதின்மூன்று நாள் கூட. அந்த 26,000ஐயும் கேட்டால் விலை 349 ஆக வேண்டும். 300க்கு முதல் வரும், ஆனால் 350க்குக் கீழே நெல்லை விட்டு மாறுவதில் பிரயோசனம் இல்லை.

தண்ணீர் வந்தால்தான் இந்த ஒப்பீடு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று குளத்து நீரைப் பார்த்துக் கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள், உங்கள் பங்கு கீழ் வயலுக்கே காணாமல் போகலாம். அப்படியான வருடம் மேட்டு ஏக்கருக்கு நெல் போட்டியில் இல்லை. சும்மா கிடப்பதா, கச்சானா என்பதே கேள்வி. அப்போது 436 கிலோவோடு உங்கள் இருபத்தைந்து நாள் கூலி 50,000ஐயும் சேர்த்து, 636 கிலோ தேறுமா என்று மட்டும் பாருங்கள்.

உழுந்து, பயறு பற்றியும் இரண்டு வரி. செலவு குறைவு, நாளும் குறைவு, பயறு இரண்டு மாதத்தில் கைக்கு வரும். ஆனால் 2020இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு உழுந்து விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து வவுனியாப் பக்கம் பலர் மாறினார்கள். கொழும்பில் ஒரு கடிதம் எழுதினால் ஏறுகிற விலை, இன்னொரு கடிதத்தில் இறங்கும். இப்படியான பயிருக்கு இன்றைய விலையை வைத்து வகுக்காதீர்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, நெல்லுக்கு இருக்கிற இலவசக் காப்புறுதி கச்சானுக்கும் உழுந்துக்கும் இல்லை. காய் முற்றும் நேரம் மழை பிடித்தால் முழுவதும் உங்கள் தலையில்தான்.

கச்சானுக்கு நான் போட்ட கணக்கில் காவல் இல்லை. வேண்டுமென்றுதான் விட்டேன், இடத்துக்கு இடம் அது தலைகீழாக மாறும். எங்கள் பக்கம் பன்றி ஒரே இரவில் கால் ஏக்கரைக் கிண்டிவிடும், காட்டோரம் என்றால் யானையும் வரும், பகலில் மயிலும் குரங்கும். கம்பி வேலியா, இரவில் ஆளா, உங்கள் மேட்டு ஏக்கருக்கு எது வேண்டும் என்று பக்கத்துக் காணிக்காரரிடம் கேளுங்கள். அந்தச் செலவை 250ஆல் வகுத்தால் எத்தனை கிலோ என்று வரும், அதை 436இன் மேல் ஏற்றுங்கள். என் மேட்டுக் காணிக்கு அது 120 கிலோ வந்தது. இரண்டு வருடம் பார்த்துவிட்டு மூன்றாம் வருடம் வீட்டு வளவுக்குள் கால் ஏக்கரோடு நிறுத்திக்கொண்டேன், நாய் குரைத்தால் எழும்பிப் பார்க்கிற தூரத்தில்.